புகைவண்டியில் வெந்த கறி

“…அடிக்காதக்கா, அவ பொய் சொல்லல. மருந்துதான் தடவுனேன். நம்ம வீட்டுல அதுக்கு அதான பேரு” என்றார் மாமா.

அவர் கையில் நீளக் கத்தி. எதிரே இலை போட்டு உட்கார்ந்திருந்த எழுபது எண்பது பேர். ஓங்கின கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் என் அம்மா. நடுவில் நான், பன்னிரண்டு வயசு, புகையில் சிவந்த கண்ணோடு. அடுத்து மாமா என்ன செய்தார் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான். நாற்பதை நோக்கி நடக்கிறோம். படி ஏறினால் முட்டி ‘நான் இருக்கேன்’ என்கிறது. சின்ன வயசில் செய்த திருட்டுத்தனங்களை ஒத்துக்கொள்ள இதைவிட நல்ல வயசு கிடையாது. இன்னும் பத்து வருஷம் போனால் எல்லாவற்றையும் அழகாக மறந்துவிடுவோம்.

எங்கள் வீடு தாயில்பட்டிக்குப் பக்கம். அப்பாவுக்கு ரோட்டோரம் வெல்டிங் பட்டறை. மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணம் ஆகவில்லை. முதலில் பட்டாசுக் கம்பெனியில் மருந்து சலிக்கிற, கலக்குகிற வேலையில் இருந்தார். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மாத்திரை, இல்லாவிட்டால் டானிக். பிறகு ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து குவைத்துக்குப் போனார். பாலைவனத்தில் அமெரிக்காக்காரர்களுடைய முகாம். அங்கே சமையல்கூடத்தில் வேலை. நாலு வருஷம் கழித்து, அந்தப் பக்கம் சண்டை மூள்கிற நேரத்தில் ஊருக்கு வந்தார். எனக்கு ஸ்கெட்ச் பேனா, அம்மாவுக்குச் சென்ட்டு, அப்பாவுக்கு டார்ச் லைட்டு. தனக்கென்று அவர் கொண்டுவந்தது மூன்றுதான். முழங்கை வரைக்கும் வருகிற சிவப்புத் தோல் கையுறை ஒன்று. சூடு காட்டுகிற வட்டக் கடிகாரம் ஒன்று. மூன்றாவது, மண்டைக்குள் ஓர் ஆசை.

அந்த முகாமில் ஒரு பெரிய சமையல்காரர் இருந்தாராம். சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றின இரும்புப் பீப்பாயில், தீயே படாமல், வெறும் புகையிலும் வெக்கையிலும் அரை நாள் வைத்துக் கறி வேகவைப்பாராம். எடுத்தால் எலும்பு தானாகக் கழன்று வருமாம். மாமா நாலு வருஷமும் அந்த வண்டிக்கு விறகு தள்ளியிருக்கிறார். “அதே மாதிரி ஒண்ணு செஞ்சுட்டா போதும் அத்தான். காதுகுத்து, சடங்கு, புதுமனைன்னு நம்ம பக்கம் விசேஷத்துக்கா பஞ்சம்? அஞ்சாறு நல்ல ஆர்டர் பிடிச்சா நான் திரும்பிப் போக வேண்டியதில்ல” என்று அப்பாவிடம் சொன்னார். திரும்பிப் போவது என்றால் பழைய இடத்துக்கு இல்லை. ஏஜென்ட் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது எல்லை தாண்டி, சண்டை நடக்கிற நாட்டுக்குள்ளே இருக்கிற முகாமுக்கு ஆள் வேண்டுமாம். சம்பளம் ரெட்டிப்பு. போன் வரும்போதெல்லாம் அம்மா அடுப்படிக்குப் போய்ச் சத்தமாகப் பாத்திரம் கழுவுவாள்.

ஆக அந்தக் கோடையில் பந்தயம் இதுதான்: வண்டி ஜெயித்தால் மாமா ஊரில் இருப்பார். தோற்றால் போவார். எனக்கும் இது தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பீப்பாய், விருதுநகரில் மூடிப்போன ஆயில் மில் ஒன்றில் கிடைத்தது. கடலை எண்ணெய் ஊற்றி வைத்த பழைய டேங்க். அப்பா அதைப் படுக்கப் போட்டு, வயிற்றில் அறுத்து மூடி வைத்து, கீல் அடித்தார். ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்வாக நெருப்புப் பெட்டி. மறுபக்கம் புகைபோக்கி. அம்பாசிடர் காரின் பழைய அச்சும் ரெண்டு சக்கரமும் கோத்து, மினி வேனுக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி நிறுத்தியபோது, ஒரு வாரம் பட்டறை முழுக்க வறுத்த கடலை வாசம் அடித்தது. அப்பா கடைசி நாளில் சில்வர் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் பட்டறையின் பேரையும் போன் நம்பரையும் சிவப்பில் எழுதினார். அவர் தன் கையால் எழுதிய ஒரே போர்டு அதுதான்.

முதல் தடவை நெருப்புப் போட்டதும் அந்தப் பெயின்ட் கொப்பளித்து, உரிந்து, பேர் பாதி, நம்பர் பாதி என்று உதிர்ந்தது. அப்பா அப்போது அங்கே இல்லை. மறுநாள் வந்து பார்த்தவர், மாமாதான் சுரண்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. நினைத்துக்கொண்டதோடு சரி. ஊரும், அப்பா மாமாவைக் கூப்பிடுகிறபடியே, அதை “மாப்ள வண்டி” என்று சொல்ல ஆரம்பித்தது. செய்தவர் பேர் எங்கேயும் வரவில்லை. அப்பா அதற்குப் பிறகு வண்டிப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். கேட்டால், இரும்புக் கேட் செய்கிற ஆர்டர் இருக்கிறது என்பார். “பொறாமைக்காரன் வீட்டுக்கு அடுப்பு வேண்டாம், வயிறே போதும்” என்று அம்மா ஒருநாள் யாரைப் பார்த்தும் பார்க்காமல் சொன்னாள். அப்பா என்னைத்தான் சொல்கிறாள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் பொருந்துகிற சட்டையாக அம்மா எப்படித்தான் தைத்தாளோ.

சக்கரம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் நெருப்புக்குச்சி செய்யலாம், உரசக் கூடாது. சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். வேலைக்குப் போகிற ஆளை வாசலிலேயே தடவிப் பார்த்துத் தீப்பெட்டி இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அரை நாள் எரிகிற அடுப்பை வீட்டு முன்னால் வைக்க யார் விடுவார்கள்? அதனால் வண்டியை இழுத்துக்கொண்டு, கம்பெனி எதுவும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள்ளே கொண்டுபோய் நிறுத்தித்தான் சமைப்பார். போகிற வழியில் ஒவ்வொரு வாட்ச்மேனிடமும் நின்று, “இன்னைக்குக் கண்மாய்ல புகை தெரியும், பயப்படாதீக” என்று சொல்லிவிட்டுப் போவார்.

பார்த்தவர்களெல்லாம் அதைத் தார் வண்டி என்றுதான் நினைத்தார்கள். ரோடு போடும்போது தார் காய்ச்சுவார்களே, அச்சாக அதே மாதிரி. கீழத்தெருவில் ஒரு பெரியவர் வண்டியை மறித்து, “எங்க தெருவுக்கும் சேத்துப் போட்டுட்டுப் போங்க, பத்து வருஷமா மனுக் கொடுக்கோம்” என்றார். மாமா எவ்வளவோ சொல்லியும் நம்பவில்லை. “கறி வேகுற வண்டியாம்ல. நான் கேட்டனா? ரோடு போட மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க” என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, வண்டி கடைசியில் ஒரு ரோடு கான்ட்ராக்டர் கைக்குத்தான் போனது. வெம்பக்கோட்டை ரோட்டில் அதில் தார் கொதித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பேர் வேறு. புத்தகத்தில் ரயிலுக்குப் புகைவண்டி என்று படித்திருந்தோம் இல்லையா? புகை விடுகிற வண்டி, அதனால் புகைவண்டி. “எங்க வீட்டுல புகைவண்டி இருக்கு” என்று நான் சொன்னால், “எந்த ஸ்டேஷன்ல நிக்கும்?” என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஊரில் யாருக்கும் இல்லாத ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. எனக்கே எனக்கென்று அதில் ஒரு வேலையும் இருந்தது.

மாமா எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்: “நெருப்பு ஒரு வீட்டுல, கறி பக்கத்து வீட்டுல. நெருப்பு நேரா வராது. வெக்கைதான் வரும். பக்கத்து வீட்டு வெக்கையிலேயே இது வெந்துரும், தாயி.” விறகு, நம்ம சீமைக்கருவேலம்தான். முகாமில் இதே முள்ளுக்கட்டை, சின்னச் சின்னத் துண்டாகப் பையில் போட்டு அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வருமாம். இங்கே வேலியோரம் சும்மா கிடக்கிறது. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக்கட்டையாக இருந்தால் புகை வெள்ளையாகக் குபுகுபுவென்று வரும், கறி கசந்துவிடும். நல்ல புகை வெளிர் நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற மாதிரி வரவேண்டும். அந்தப் புகையின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. “வெள்ளை” என்று நான் கத்தினால் மாமா காற்றுவழியைத் திறப்பார். “நீலம்” என்றால் பேசாமல் இருப்பார். அந்தச் சிவப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கு அது தோள் வரைக்கும் வரும். உள்ளே பழைய வியர்வையும் புகையும் சேர்ந்து, சுட்ட தோல் மாதிரி ஒரு வாசம். ஒருநாள் வண்டிக்குக் கீழே சொட்டுகிற கொழுப்புக்காகக் காத்துக்கிடந்த நாய் அதைத் தூக்கிக்கொண்டு போனது. ஊரெல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. என் கல்யாணத்தில் காணாமல் போன தோட்டைவிட அந்தக் கையுறைதான் இன்னும் மனசில் நிற்கிறது.

இனி அந்தப் பக்கத்து வீட்டு வெக்கைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போகிறவள். அவள் அப்பா விட்டுவிட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று. லீவு நாளில் அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத்தான் அவள் அம்மா வேன் ஏறுவாள். அதனால் கண்மாய்க்கும் அவள் எங்களோடு வருவாள். முதல் தடவை கறி வெந்து, துணியில் சுற்றி ஒரு மணி நேரம் ஆற வைத்திருந்தபோது, நான் பத்து தடவை போய்த் தொட்டுப் பார்த்தேன். “ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையாம்” என்று மாமா சிரித்தார். பிறகு ஆட்டுத்தொடையின் ஓரத்தில் கறுத்து மொறுமொறுவென்று இருந்த முனையை வெட்டி ரெண்டாக்கி, எங்கள் ரெண்டு பேருக்கும் கொடுத்தார்.

நான் வாயில் போடுவதற்கு முன்னாலேயே “சூப்பரா இருக்கு மாமா” என்றேன். அவள் மெதுவாக மென்றாள். விழுங்கினாள். “உப்பு பத்தல. உள்ள சப்புன்னு இருக்கு” என்றாள்.

அடுத்த தடவை மாமா முனைத் துண்டை வெட்டி நேராக அவளிடம் கொடுத்தார். “காரம் மட்டும்தான் தெரியுது, கறி தெரியல” என்றாள். அதற்கடுத்த தடவையும் அவளுக்குத்தான். அதற்கப்புறம் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் அரை நாளும் கண் எரிய எரியப் புகையைப் பார்த்து நிறம் சொல்வேன். அவள் வேப்பமரத்தடியில் சொட்டாங்கல் ஆடிவிட்டு வந்து வாயைத் திறப்பாள். எனக்கு ரெண்டாவது துண்டு. அதே கறிதான், அதே அளவுதான், ஆனால் எனக்கு அது இறங்காது.

பொறாமை என்பதற்கு நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். வயிற்றெரிச்சல், புகைச்சல், காந்தல், கருகல். ஒன்றாவது நெருப்பை விட்டு வெளியே வருகிறதா? “காதுல புகை வருது” என்கிறோம். அந்த வண்டிக்குப் புகை போக ஒரு குழாய் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

ஒருநாள் கேட்டே விட்டேன். ஏன் மாமா எப்பவும் அவளுக்கே முதல் துண்டு, நான் உங்க அக்கா மகதானே என்று. மாமா விறகை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “ஒன் நாக்கு என்னயப் பாத்துப் பேசுது, மருமகளே. அவ நாக்கு கறியப் பாத்துப் பேசுது.” அப்போது எனக்கு அது திட்டாகப் பட்டது. என்னைத் திட்டியதைவிட, கொஞ்ச நேரம் கழித்து அவளைப் பார்த்து “தாயி, அந்தத் தண்ணியக் கொண்டா” என்றாரே, அதுதான் சுருக்கென்றது. தாயி என்பது என்னைக் கூப்பிடுகிற சொல். எப்போது அதை எடுத்து அவளுக்குக் கொடுத்தார்?

ஊர்க்காரர்களுக்கு அந்தக் கறி சட்டென்று பிடிபடவில்லை. “குழம்பு எங்க?” என்பதுதான் முதல் கேள்வி. பரோட்டாக்கடைக்காரர் ஒரு வாய் தின்றுவிட்டு, “எண்ணெய் இல்லாத கறி, மை இல்லாத பேனா” என்றார். ஆனால் அன்று சாயங்காலமே இன்னொரு துண்டு கேட்டு ஆள் அனுப்பினார். இன்னொரு தடங்கல், நிறம். புகையில் நெடுநேரம் வெந்த கறியை வெட்டினால், கறுத்த மேல்தோலுக்கு உள்ளே ஒரு விரல் கனத்துக்கு ரோஸ் நிறமாக இருக்கும். பார்க்கிறவர்கள் “பச்சையா இருக்கே” என்று கையை எடுத்துவிடுவார்கள். மாமா எனக்கு மட்டும் அதைப் பிரித்துக் காட்டிச் சொன்னார்: “இது பச்சை இல்ல. புகை எம்புட்டுத் தூரம் உள்ள போயிருக்குன்னு காட்டுற கோடு. நீ நீலம் நீலம்னு பாத்துச் சொன்னேல்ல, அதோட பலன்.” எனக்கு மட்டும் சொன்னார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

வைகாசியில் பெரிய ஆர்டர் வந்தது. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், மகனுக்குக் காதுகுத்து விருந்தை ஏழாயிரம்பண்ணை போகிற வழியில் அவருடைய தோட்டத்தில் வைத்திருந்தார். சோறு, குழம்பு எல்லாம் வேறு சமையல் ஆள். பந்தியில் ஆளுக்கு ரெண்டு துண்டு மாமாவின் கறி. “நல்லா அமைஞ்சா எங்க சொந்தபந்தம் அம்புட்டு விசேஷமும் ஒனக்குத்தான். இந்தச் சீசன் பூராம் நீ சும்மா இருக்க மாட்ட” என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அன்று வந்த ஏஜென்ட் போனை மாமா எடுக்கவே இல்லை. அம்மா பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவினாள்.

முந்தின நாள் சாயங்காலம் கறிக்குத் தடவுகிற பொடியைத் தயார் பண்ணினார். வத்தல், மல்லி, சீரகம், மிளகு, உப்பு, கடைசியில் இடித்த கருப்பட்டி. பழக்கதோஷம், கம்பெனியில் செய்கிற மாதிரியேதான் எல்லாம் செய்வார். காக்கித் தாளை விரித்து, சல்லடையை ரெண்டு கையாலும் மெதுவாக ஆட்டி, கரண்டி வைக்காமல், விரலால் மட்டும் புரட்டிப் புரட்டிக் கலப்பார். “மருந்து அளவு தப்புனா வெடிக்காது, இதுவும் அப்படித்தான்” என்பார். அதனால் அந்தப் பொடிக்கு எங்கள் வீட்டில் மருந்து என்றே பேர். “மருந்து தடவியாச்சா”, “மருந்து மூடி வச்சியா” என்று நாள் முழுக்கப் பேச்சு நடக்கும். யாருக்கும் அது வினோதமாகப் பட்டதில்லை.

விருந்தன்று விடிவதற்கு முன்பே தோட்டத்தில் நெருப்புப் போட்டாயிற்று. நான் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று முழுக்க நீலம்தான். ஒரு தடவைகூட வெள்ளை வரவில்லை. அப்படி ஒரு நாள் அதற்கு முன்னால் அமைந்ததில்லை. எங்களோடு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட்டு. அப்பா வரவில்லை, கேட் ஆர்டர்.

பந்தி உட்கார்ந்தது. அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். மாமா துணியைப் பிரித்தார். ஆவியும் வாசமும் கிளம்பி முதல் வரிசை திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டே எல்லாரும் கேட்கச் சொன்னார்: “அண்ணாச்சி, முதல் துண்டு ஒங்களுக்குக்கூடக் கிடையாது. இந்தப் பிள்ளைக்குத்தான். இவ நல்லாருக்குன்னு சொன்னாத்தான் எனக்கே நம்பிக்கை.” பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். அவள் பாவாடையில் மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அத்தனை பேர் முன்னால்.

அண்ணாச்சி வீட்டம்மா வெட்டின கறியைக் குனிந்து பார்த்தார். “இது என்ன ரோஸ் கலரா இருக்கு?” என்றார். மாமா கத்தியும் கையுமாக இருந்தார், காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து அந்தம்மா கேட்டார்: “பாப்பா, இதுல என்ன போட்டிருக்காக?”

வத்தல், மல்லி, சீரகம், மிளகு, உப்பு, கருப்பட்டி. வரிசை எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். ரோஸ் கலர் என்ன என்பதும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

“மாமா நேத்தே மருந்து தடவுனாக” என்றேன்.

“என்ன மருந்து?”

“தாயில்பட்டி கம்பெனியில சலிப்பாகல்ல. அதே மாதிரி சலிச்சு.”

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்று வரைக்கும் அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் பயம் வருகிறது. பொய்யாக இருந்தால் சின்னப்பிள்ளைப் பேச்சு என்று போயிருக்கும். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்ததில் பாதிப் பேர் மருந்தில் கை வைத்துப் பிழைக்கிறவர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் விரலிடுக்கில் வெள்ளியும் ரோசும் பச்சையுமாக ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைத்தால் அடி விழும். அவர்களுக்கு ரோஸ் கலரும் மருந்தும் ஒரே மூச்சில் காதில் விழுந்தால் வேறு எதை நினைப்பார்கள்? போதாததற்கு, சோற்றில் மருந்து வைத்து மயக்கிவிட்டார்கள் என்று சொல்கிற பழைய பேச்சும் இருக்கவே இருக்கிறது. இலையிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒரு அம்மா தன் பிள்ளையின் வாயில் விரலை விட்டு, இன்னும் பரிமாறாத கறியைத் தேடினாள்.

அண்ணாச்சி மாமாவைப் பார்த்து, “ஏம்ப்பா, பிள்ளை சொல்றது நெசமா?” என்றார். என் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, இது பொய் சொல்லிக் கழுதை என்று கையை ஓங்கினாள். அப்போதுதான் மாமா, அடிக்காதக்கா, அவ பொய் சொல்லல என்றது. ஆமாம், பொய் சொல்கிறாள் என்று அவர் தலையை ஆட்டியிருந்தால் போதும். எனக்கு ஒரு அறை, அவருக்கு ஒரு சீசன். அவ்வளவுதான் கணக்கு.

விருந்து என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். மசாலாப் பொடிக்கு வீட்டில் வைத்த பேர் அது என்று மாமா விளக்கினார். அண்ணாச்சிக்குப் புரிந்தது. அவர் சிரிக்கக்கூடச் செய்தார். ஆனால் அவர் வீட்டம்மா, “காது குத்துன பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டிய நாளு, சந்தேகம்னு வந்துட்டா இலைக்கு வரக் கூடாது” என்று முடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்; நானும் இன்றைக்கு ஒரு பிள்ளைக்குத் தாய், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கறி அத்தனையும் வண்டியோடு திரும்பி வந்தது. எங்கள் தெரு ரெண்டு நாள் அதைத் தின்றது. வண்டி செய்ததிலேயே அதுதான் நல்ல கறி என்று பரோட்டாக்கடைக்காரரே சொன்னார். அப்புறம் யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. ‘மருந்து வண்டி’ என்று பேர் விழுந்த பிறகு யார் கொடுப்பார்கள்? ஆடி பிறப்பதற்கு முன்னால் மாமா எல்லை தாண்டின முகாமுக்கு விமானம் ஏறினார். ஒன்பது வருஷம் கழித்து, ஒரு காது கேட்காமல் திரும்பி வந்தார். வந்த பிறகுதான் கல்யாணம்; இப்போது ராஜபாளையம் பக்கம் அத்தையோடு சௌக்கியமாக இருக்கிறார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பா, வண்டியை விற்ற பிறகு ஒருநாள், அந்தப் பெயின்ட்டைச் சுரண்டினது அவன்தானே என்று அம்மாவிடம் கேட்டார். சூட்டில் தானாக உரிந்தது என்று அம்மா சொன்னதும், பட்டறைக்குப் போய் மிச்சமிருந்த சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் தேடி எடுத்தார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரை பஸ்ஸில் பார்த்தேன். முதல் துண்டு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். “நான் கறியா தின்னேன்? எனக்கு ஞாபகமே இல்லடி” என்றாள். வண்டிக்குக் கீழே கிடந்த நாயை மட்டும் ஞாபகம் இருந்தது அவளுக்கு. நான் ஒரு கோடை முழுக்க எரிந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

சரி, அன்றைக்குத் தோட்டத்தில், அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு மாமா என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். அண்ணாச்சி இன்னும் சிரிக்கவில்லை, அவர் வீட்டம்மா இன்னும் முடிவு சொல்லவில்லை. எல்லாரும் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரோ மேசைப் பக்கம் திரும்பி, தொடையின் கறுத்த முனையை நிதானமாக வெட்டினார். கத்தி முனையில் அதை ஏந்திக்கொண்டு, வாயைத் திறந்து நின்றவளைத் தாண்டி வந்து, என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். கொழுப்பு என் புதுப் பாவாடையில் சொட்டிவிடாமல் இடது கையை என் நாடிக்குக் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டு, “இந்தா தாயி, இன்னைக்கு மொதத் துண்டு ஒனக்கு. தின்னுட்டு உள்ளதச் சொல்லு” என்று நீட்டினார்.